மூணாவது வாரம்

எட்டு நடைக்கு ஏழு இடைவெளிதான். எட்டுத் தடவ மருந்து ஏத்துறதுக்கு அந்த டாக்டரம்மா மூணு வாரக் கணக்குன்னா இருபத்திநாலு வாரம், ரெண்டு வாரக் கணக்குன்னா பதினாறு வாரம்னு சொன்னாக. சொல்லும்போதே சோணைமுத்துக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. மொத நடைக்கு முன்னாடி ஏது இடைவெளி? மொத வண்டி கெளம்புறத சைபர்னு வெச்சு, கடைசி வண்டி கெளம்புற வரைக்கும் எண்ணுனா இருபத்தியொரு வாரம், இல்லேன்னா பதினாலு வாரம். நூத்தி நாப்பத்தேழு நாளு, தொண்ணூத்தெட்டு நாளு. வித்தியாசம் நாப்பத்தொம்பது. பஸ் டிப்போ டைம் ஆபீஸ்ல பதினெட்டு வருசமா இதே சோலிதான் அவனுக்கு. எந்த வண்டி எத்தன மணிக்கு எடுக்கணும், எந்த டிரைவரு, எந்த கண்டக்டரு, எந்த ஸ்டாண்டுல எத்தன நிமிசம் நிக்கணும். ஆனா வாயத் தொறக்கல. பொண்டாட்டிக்கு மார்ல கட்டிய எடுத்து அஞ்சு வாரம் ஆகுது, மேக்கொண்டு மருந்து ஏத்த நாள் குறிக்கிற எடத்துல புருசங்காரன் டாக்டருக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் குடுத்தான்னு பேராகக் கூடாது. அதுவும் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்ச கூட்டல் கழித்தல்.

இப்ப அவ உள்ள இருக்கா. பேரு அங்காளேஸ்வரி, வீட்டுல ஈஸ்வரி. ஏத்தப் போற செவப்பு மருந்து சில பேருக்கு இருதயத்தத் தொந்தரவு பண்ணும், அது தாங்குமான்னு மொதல்ல எக்கோ எடுத்துப் பாத்துரணும்னுட்டாக. எக்கோ முடிஞ்சா நேரா டாக்டர் ரூம். அங்க போய் உக்காந்ததும் ரெண்டு வாரமா மூணு வாரமான்னு சொல்லியாகணும், ஏன்னா நாளன்னைக்கு வியாழக்கெழம மொத ஏத்து. ‘உங்களுக்கு ரெண்டுமே குடுக்கலாம், வீட்டுல கலந்து பேசிட்டு வாங்க’ன்னு போன செவ்வாக்கெழம சொல்லி அனுப்புனாக. கலந்து பேசுறதுன்னா எப்புடி? ஈஸ்வரிகிட்ட கேட்டான். ‘ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அது’ன்னா. கல்யாணமாகி இருபது வருசமா சேலை எடுக்கப் போனாலும் அதே பதிலுதான். எடுத்துட்டு வந்தப்புறம்தான் கலர் சரியில்லம்பா. சேலைன்னா மாத்திக்கலாம், பில்லு இருந்தா போதும். இவன் உக்காந்திருக்கிற சேரு நாலு பேரு சேரு, ஒரே இரும்புக் குழாயில பத்தவெச்சது, ஒருத்தரு தும்முனா நாலு பேரும் ஆடணும். இவன் மூணாவது. வலப்பக்கம் ஒரு ஆளு தூங்கித் தூங்கி இவன் தோள்ல சாஞ்சுட்டாரு, எழுப்ப மனசில்ல, யாருக்காகக் காத்துக் கெடக்காரோ. முட்டிக்கும் எதுத்த சொவத்துக்கும் நடுவுல ஒரு சாணு. சன்னல் ஒண்ணு இருக்கு, தொறக்க முடியாத கண்ணாடிச் சன்னல், அதுக்கு அங்கிட்டு இன்னொரு சொவரு. ஏசிக் காத்துல காயாத துணி வாட. சட்டப் பையில கைக்குட்டையில முடிஞ்சு அவ தாலிக்கொடியும் ரெண்டு வளையலும் கெடக்கு, எக்கோவுக்குக் கழட்டச் சொல்லிட்டாக. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கை தானா போயி தொட்டுப் பாக்குது. கனக்கல. கனக்காம இருக்கிறதுதான் என்னவோ போல இருக்கு.

ரெண்டு கணக்குலயும் அதே மருந்துதான். அளவும் அதேதான், எட்டுத் தடவையும் அதேதான். நடுவுல விடுற நாளுதான் வேற. இத அவன் மனசுக்குள்ள எத்தனாவது தடவையா சொல்லிப் பாக்குறான்னு தெரியல, ஒவ்வொரு தடவயும் புதுசா சொல்றாப்புல இருக்கு. ‘மருந்து போனா கெட்ட செல்லும் சாகும், நல்ல செல்லும் அடி வாங்கும்’னு அந்தம்மா சொன்னாக. ‘இடைவெளி விட்டா உடம்பு தேறும். எங்கயாவது மிச்சம் மீதி ஒளிஞ்சிருந்தா அதுவும் தேறும். அடுத்தடுத்துக் குடுத்தா அதுக்குத் தலைதூக்க நேரம் கெடைக்காது.’ அப்ப ரெண்டு வாரம்தானே நல்லதுன்னு கேட்டான். ‘நூறு பேருல மூணு நாலு பேருக்கு நல்லது. பத்து வருசக் கணக்குல, நோய் திரும்பி வராம இருக்கிறதுல. ஆனா ரெண்டு வாரத்துல ரத்தத்துல வெள்ளணு தானா ஏறாது, மறுநாளே ஊசி போட்டு ஏத்தணும். எலும்பு வலி வரும். அசதி ஜாஸ்தி. எந்திரிச்சு உக்கார்றதுக்குள்ள அடுத்தது வந்துரும். மூணு வாரம்னா கடைசி வாரம் ஓரளவு பழையபடி நடமாடுவாங்க.’ எத எடுத்தாலும் தப்பில்லன்னு வேற சொன்னாக. அதுதான் பெரிய எடஞ்சலாப் போச்சு. ஒண்ணு தப்புன்னு சொல்லியிருந்தா இன்னொண்ணுல ஏறி உக்காந்துக்கலாம். நூறு பேருன்னா எவ்வளவு? அம்பத்தஞ்சு சீட்டு வண்டி ரெண்டு, அதுவும் முழுசா நெறையல. அந்த ரெண்டு வண்டிச் சனத்துல மூணு நாலு பேரு. சன்னலோரமா, கடைசி சீட்டா, டிரைவருக்குப் பின்னாடியா? டிக்கெட்டுல சீட்டு நம்பர் போடுற வண்டியில்ல. ஈஸ்வரிக்குச் சன்னலோரம்தான் புடிக்கும், காத்து இல்லேன்னா கொமட்டும். மூணு பேருக்காகத் தொண்ணூத்தேழு பேரு எலும்பு வலியோட கெடக்கிறதா? அந்த மூணுல அவ ஒருத்தின்னா? மூணுல ஒருத்தின்னா அவளுக்கு அது மூணில்ல, நூறு. இந்தக் கணக்கு இந்த எடத்துக்கு வந்து வந்து நிக்குது, ரிவர்ஸும் விழ மாட்டேங்குது.

இறுக்கமா ஓட்டுறதப் பத்தி அவனுக்குத் தெரியாதா? டைம் ஆபீசுக்கு வந்த புதுசுல தேனி போற வண்டி ஒண்ணுக்கு அங்க நாப்பது நிமிசம் நின்னு வர்ற மாதிரி இருந்துச்சு. இவன் அதப் பதினஞ்சா வெட்டுனான். அதே வண்டியில ஒரு நடை கூடுதலாக் கெடச்சுது, மேனேஜர் எல்லாருக்கும் முன்னாடி தட்டிக் குடுத்தாரு. பதினோராம் நாளு ஆண்டிபட்டிக் கணவாய் எறங்கி வரும்போது டிரைவர் ரவணப்பன் கண்ணசந்துட்டான். வண்டி வரப்புல ஏறி நின்னுருச்சு, உசிருச் சேதம் இல்ல, ரவணப்பனுக்குக் காறை எலும்பு மட்டும் போச்சு. ஆசுபத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டுப் பாக்கப் போனான். ‘சாப்புட நேரம் வெச்சீகண்ணே, மென்னு முழுங்க நேரம் வெக்கல’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான் ரவணப்பன். அவன் வஞ்சு திட்டியிருந்தா மறந்து போயிருக்கும். பேப்பர்ல பதினஞ்சுன்னு எழுத எவ்வளவு நேரமாகும், ஒரு இழுப்பு. ரெண்டு வாரம்னு எழுதவும் அதே ஒரு இழுப்புதான். இப்ப அந்தக் காறை எலும்பு நெனப்புக்கு வந்து ஈஸ்வரியோட காறை எலும்பு வருது, தாலிக்கொடி தடம் பதிஞ்சு கெடக்குமே அந்த எடம், அதுக்குக் கொஞ்சம் கீழதான் தையல். ஆனா தாராளமா விட்டதும் தெரியும். ஒரு ஊருக்கு வண்டிக்கு வண்டி முக்கா மணி நேரம் இடைவெளி விட்டான், டிரைவருமாரு கும்புடாத கொற. ஆறே மாசம், நடுவுல ஷேர் ஆட்டோக்காரன் வந்து நின்னுக்கிட்டான், அப்புறம் அவன அந்த ரோட்ட விட்டுக் கெளப்பவே முடியல. இடைவெளின்னு ஒண்ணு விட்டா அதுல யாராவது வந்து நிப்பாக. இறுக்குனா ரவணப்பன், விட்டா ஷேர் ஆட்டோ. நடுவுல பதினேழரை நாளுன்னு ஒண்ணு இருக்கக் கூடாதான்னு நெனச்சான். கேக்கலாம். கேட்டா அந்தம்மா கண்ணாடியக் கழட்டிட்டுப் பாப்பாக.

“ஒங்களுக்கு எத்தன வாரம்?” எடப்பக்கத்து அம்மா கேட்டாக. உசிலம்பட்டிப் பக்கமாம், கூடப் பொறந்த தங்கச்சிய உள்ள விட்டுட்டு ஒக்காந்திருக்காக, மடியில கொய்யாப்பழம், ஆசுபத்திரின்னும் பாக்காம ஒண்ண உப்புத் தொட்டுத் தின்னுக்கிட்டு. எனக்கில்லம்மா, என் வீட்டுக்காரிக்குன்னான். “அது தெரியாதா, ஒங்களப் பாத்தா ஏத்துற ஆளு மாதிரியா இருக்கு, எறக்குற ஆளு மாதிரில இருக்கு.” எதுக்குச் சொன்னாகன்னு வெளங்கல, ஆனா சிரிப்பு வந்துச்சு, சேரு ஆடுச்சு, தூங்குறவரு தல ஒரு தடவ தூக்கிட்டு மறுபடி சாஞ்சாரு. ரெண்டா மூணான்னு இன்னும் முடிவாகலன்னான். “மூணே வையுங்க. எங்க தங்கச்சிக்கு மூணுதான். மொத வாரம் தலையத் தூக்க மாட்டா. ரெண்டாவது வாரம் கஞ்சி குடிப்பா. மூணாவது வாரம் பாருங்க, ஆளு கொஞ்சம் தெளிஞ்சிருவா. போன மூணாவது வாரத்துல எங்க கோயிலு கெடா வெட்டுக்கு நூறு பேருக்கு மசால அவதான் பக்குவம் பாத்துச் செஞ்சு குடுத்தா. அவ கை பட்டாத்தான் எங்க வீட்டுக்காரரு தொடுவாரு.” முடியெல்லாம் கொட்டியிருக்குமேம்மான்னான். “துண்டக் கட்டிக்கிட்டா யாருக்குத் தெரியுது? அடுப்புப் பொகையில பாதி பேரு அப்புடித்தான இருக்கோம்.” சோணைமுத்துக்கு மனசு லேசாச்சு. நூறு பேருக்கு மசால அரைக்கிற அளவுக்குத் தெம்பு வருதுன்னா மருந்து ஒண்ணும் ஆளக் கொன்னுபுடல. அந்த நூறு வேற நூறுதான், இருந்தாலும் காதுக்கு எதமா இருந்துச்சு.

சட்டப் பையிலருந்து ஒரு சார்ட்ட எடுத்தான், தாலிக்கொடி முடிச்சு இடறாம ரெண்டு விரல விட்டு. நேத்து மத்தியானம் டைம் ஆபீஸ்ல பழைய டிரிப் ஷீட்டுக்குப் பின்னாடி ஸ்கேல் வெச்சுப் போட்டது. எடப்பக்கம் ரெண்டு வாரம், வலப்பக்கம் மூணு வாரம். எடப்பக்கத்துல தேதிக்கு அடியில தேதி, மூச்சு விட எடமில்ல. வலப்பக்கம் பாக்க அழகா இருந்துச்சு. ஒவ்வொரு ஏத்துக்கும் கீழ மூணு கட்டம். மொதக் கட்டம் படுக்க, ரெண்டாங் கட்டம் பத்தியம், மூணாங் கட்டம் காலி. காலின்னு அப்புடியே விட்டா கை அரிக்குது அவனுக்கு, பழக்கம். டிப்போவுல காலியா நிக்கிற வண்டியப் பாத்தா எங்கயாவது திருவிழாவுக்கு ஸ்பெஷல் விடலாமான்னுதான் தோணும். அதனால அந்தக் கட்டத்த எல்லாம் ஒண்ணொண்ணா நெரப்பிக்கிட்டு வந்திருந்தான், சித்திர வரைக்கும். மக நந்திகா பன்னெண்டாவது பரிச்ச முடியிற வாரம், பிள்ளைக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப் போட. அப்பா தெவசம். சித்திரத் திருவிழாவுக்கு வந்து தங்குற சனம். இப்ப பாக்கையில ஒரு சந்தேகம் வந்துச்சு. மூணு வாரம்தான் அவ ஒடம்புக்கு நல்லதுன்னு நெனச்சு இந்தச் சார்ட்டப் போட்டானா, சார்ட்டு அழகா வந்ததால அவ ஒடம்புக்கு அதுதான் நல்லதுன்னு நெனைக்கிறானா? எது மொதல்ல வந்துச்சு? ரவணப்பன நெனச்சு நெனச்சுப் பயந்ததெல்லாம் நெசப் பயமா, சார்ட்டுக்கு வக்கீல் வெச்சதா? நெசப் பயந்தான். நெசப் பயந்தான்னு ரெண்டு தடவ ஏன் சொல்லணும்?

அந்த நேரம் பாத்து போன் வந்துச்சு. தங்கச்சி பாண்டியம்மா. நாப்பது வயசுல பெத்த மகனுக்குக் காது குத்தப் போறா, தாய்மாமன் இவன். மருமகன மடியில ஒக்கார வெக்கணும், மாமம் பொண்டாட்டி சீர்த்தட்டத் தூக்கிக்கிட்டு முன்ன நடக்கணும், அது இல்லாம அந்த வீட்டுல ஊசி எடுக்க மாட்டாக. “அண்ணே, ஆசுபத்திரியிலயா இருக்கே? மதினி எப்புடி இருக்கு? சரி, சோசியரு வந்து ஒக்காந்துருக்காரு. வைகாசியில மூணு முகூர்த்தம் சொல்றாரு. மதினிக்கு எது தோதுப்படும்னு நீயே சொல்லிரு. அது வந்து நின்னாத்தான் எனக்குச் சபையில மதிப்பு.” இன்னும் டாக்டரையே பாக்கல பாண்டின்னு சொல்லத்தான் வாயத் தொறந்தான். சார்ட்டு கையில விரிஞ்சு கெடந்துச்சு. வைகாசி ரெண்டாவது வாரம், அஞ்சாவது ஏத்துக்கு முந்துன கட்டம், காலி. பஸ் ஸ்டாண்டு சன்னல்ல எவனாவது அடுத்த வண்டி எத்தன மணிக்குன்னு கேட்டா யோசிக்காம வாயி சொல்லுமே, அப்புடிச் சொல்லிப்புட்டான், “ரெண்டாவது வாரம் வையி. அப்ப நல்லா இருப்பா.” அங்கிட்டு அவ சோசியருகிட்ட சொல்றது கேட்டுச்சு, ரெண்டாவது வாரந்தான், எங்கண்ணே சொல்லிருச்சு. போன வெச்சதுக்கப்புறம்தான் வேர்த்துச்சு, ஏசிக்குக் கீழ. அப்ப நல்லா இருப்பா. யாரு சொன்னா? இருதயம் எப்புடி இருக்குன்னே உள்ள இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காக. நாளு குறிச்சாச்சு. இனி மூணு வாரந்தான், வேற வழியில்ல, அந்த நூறுல மூணு பேரு இனி சீட்டவிட்டு எந்திரிச்சுப் போயிக்கிற வேண்டியதுதான், எந்திரிச்சுப் போறதுல ஒரு முதுகு தெரிஞ்ச முதுகா இருக்கு, திரும்பிப் பாக்காம எறங்குது, அவன் கையக் காட்டவும் முடியல, வலப்பக்கத்து ஆளோட தல தோள்ல கனக்குது, சொவரு ஒரு சாணுலருந்து முக்காச் சாணுக்கு வந்தாப்புல இருக்கு.

கதவு தொறந்து ஈஸ்வரி வந்தா. மாராப்பச் சரிபண்ணிக்கிட்டு, நெஞ்சுல பூசுன பசையத் தொடச்சும் போகலன்னு மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு. “ஐஸ் மாதிரி கொழகொழன்னு ஒண்ணத் தடவுறாக. இருதயம் நல்லா ஓடுதாம். நானும் டிவியில பாத்தேன், கருப்பா என்னமோ லபக்கு லபக்குங்குது, தவள மாதிரி.” கொடிய வாங்கிக் கழுத்துல போட்டா. வளையல் ஒண்ணு மாட்டையில அவன் கையில இருந்த பேப்பரப் பாத்தா. என்னது இதுன்னா. சார்ட்டுன்னான். குடுங்கன்னு வாங்குனா. ரெண்டு வாரப் பக்கத்த ஒரு பார்வதான். மூணு வாரப் பக்கத்துல விரல வெச்சு மேலருந்து கீழ மெதுவா எறக்குனா, கரண்டு பில்லப் பாக்குற மாதிரி. மூணாங் கட்டத்துல எல்லாம் விரல் நின்னு நின்னு போச்சு. பரிச்ச. தெவசம். திருவிழா. வைகாசியில ஒரு கட்டம் காலியா இருந்தத விரலால தட்டுனா. “இது என்ன, வெட்டியா விட்டுட்டீக?” அதுவும் வெட்டி இல்ல, இப்பத்தான் பாண்டியம்மா போன் பண்ணுனா, காது குத்துன்னு சொன்னான்.  அவ பேப்பர நாலா மடிச்சு அவன் பையிலயே போட்டுட்டு, “கூப்புட்டாக, வாங்க”ன்னா.

டாக்டர் ரூம்ல ரெண்டு நாற்காலி. அந்தம்மா எக்கோ ரிப்போர்ட்டப் பாத்துட்டு, ஒண்ணும் பிரச்சன இல்ல, ரெண்டுல எதுவும் குடுக்கலாம், என்ன முடிவு பண்ணீங்கன்னு சோணைமுத்துவப் பாத்துக் கேட்டாக. அவன் தொண்டையச் செருமுனான். “ரெண்டு வாரம்” அப்புடின்னு ஈஸ்வரி சொன்னா. அந்தம்மா பேனாவ வெச்சுட்டு இப்ப அவளப் பாத்தாக. “நல்லா யோசிச்சீங்களா? அசதி அதிகமா இருக்கும். மறுநாளு ஊசி, எலும்பு வலி எல்லாம் சொன்னேன்ல? மூணு வாரம்னா கடைசி வாரம் எந்திரிச்சு நடமாடலாம்.” “அதுக்குத்தான் டாக்டர் வேண்டாங்குறேன். எந்திரிச்சா வேல இருக்கும்ல.” சத்தமில்லாம சொன்னா, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குங்கிற மாதிரி. “படுத்தே கெடந்தா ஆளு படுத்திருக்கான்னு விட்டுருவாக. ஒரு வாரம் நல்லாருக்கேன்னு தெரிஞ்சா அந்த ஒரு வாரத்துல மூணு வாரத்தையும் வாங்கிப்புடுவாக. ஒங்க மருந்தையும் தாங்கிட்டு அதையும் என்னால தாங்க முடியாது.” அந்தம்மா, நோய் திரும்பாம இருக்கவும் அதுல கொஞ்சம் கூடுதல் பலன் இருக்குன்னு எழுதிக்கிட்டே சொன்னாக. “அதுவும் இருக்குல்ல”ன்னா ஈஸ்வரி. சோணைமுத்து மேசை விளிம்பப் பாத்துக்கிட்டு இருந்தான். யாரும் அவனத் திட்டல. ஒரு வாரமா அவன் ராவும் பகலும் அளந்தது மருந்துக்கும் நோய்க்கும் நடுவுல விடுற நாளு. அவ அளந்தது வேற. அவள நிக்கிற வண்டின்னு நெனச்சுப் போட்ட நடையெல்லாம் பையில நாலா மடிச்சுக் கெடக்கு. “சார், உங்களுக்குச் சம்மதம்தானே?” அவ தப்பிச்சுப் போறதுக்குப் புடிச்ச வழி அதுதான், அது கூடுதல் வலியிருக்கிற வழி, அங்க அவள வெரட்டுனதுல இவன் எழுத்தும் இருக்கு. சம்மதமில்லன்னா அவ காது குத்துக்கு நிக்கணும். சம்மதம்னா எலும்பு வலி. “சரிங்க”ன்னான்.

வெளிய லிப்டுக்கு முன்னாடி சனம் நின்னுச்சு. மொத தடவ வந்த லிப்டுல எடமில்ல, ரெண்டாவதுலயும் இல்ல. அவ சொவத்துல சாஞ்சு நின்னா. “ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. மூணு வாரம்னு ஒண்ணு இருந்துச்சுன்னு யாருகிட்டயும் சொல்லாதீக.” ஏன்னு கேக்கல அவன். அவளே சொன்னா. “சொன்னா, ஏன் அத எடுக்கலன்னு கேப்பாக. ஒங்க தங்கச்சி கேக்கும், எங்க அம்மா கேக்கும், நந்திகாகூட கேப்பா. நா எங்கிட்டுப் போயி வெளக்கம் சொல்ல? ரெண்டு வாரந்தான், டாக்டரு அதத்தான் குடுப்பேன்னுட்டாக, வேற கெடையாதுன்னு சொல்லுங்க.” ரிப்போர்ட்டுல எழுதியிருப்பாகளேன்னான். “ரிப்போர்ட்ட யாரு படிக்கப் போறா, எல்லாரும் ஒங்களத்தான் கேப்பாக.” மூணாவது லிப்டு வந்துச்சு, உள்ள ஏறுனாக, முன்னும் பின்னும் ஆளு, அவ தோளு அவன் நெஞ்சுல இடிச்சுக்கிட்டு நின்னுச்சு, தையல் இல்லாத பக்கம். பதினெட்டு வருசத்துல ஒரு நிமிசம் முந்தியோ பிந்தியோ பொய்யா எழுதுனதில்ல அவன், அது டிப்போவுக்கே தெரியும், அவன் சொன்னா மேனேஜரே கடிகாரத்தத் திருத்துவாரு. பையில போன் அதிர ஆரம்பிச்சுச்சு. பாண்டியம்மாவாத்தான் இருக்கும். எடுக்கக் கைய மடக்க எடமில்ல. லிப்டு எறங்கி முடியிறதுக்குள்ள ஒருதடவ மனசுக்குள்ள சொல்லிப் பாத்தான். ரெண்டு வாரத்துக்கு ஒருக்காதான். வேற கெடையாதுன்னுட்டாக. வைகாசியில அவளால வர முடியாது. இன்னொரு தடவ சொல்லிப் பாத்தான். பொய் மாதிரியே இல்ல.